பி.ஏ., எல்.எல்.பி.: சட்டத்தையும் சமூக அறிவியலையும் ஒரே நோட்டில் படிப்பது எப்படி

ஐந்தாண்டு சட்டப் படிப்பில் சேரும் ஜூனியர்கள் முதல் செமஸ்டரிலேயே கேட்கிற கேள்வி இது: "அக்கா, வக்கீல் ஆகத்தானே வந்தோம், சமூகவியலும் பொருளாதாரமும் எதுக்கு?" நான் இப்போது கடைசி ஆண்டில் இருக்கிறேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் ஒரு படிக்கும் முறைதான். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் இரண்டு ஆண்டுகளில் அரசியல் அறிவியல், சமூகவியல், பொருளாதாரம், வரலாறு எல்லாம் வரும். பக்கத்திலேயே ஒப்பந்தச் சட்டம், தீங்கியல் சட்டம், அரசமைப்புச் சட்டம் என்று ஆரம்பித்துவிடும். பெரும்பாலானவர்கள் முதல் வகையைத் தேர்வுக்கு முந்தின வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியில் 1988-இல் முதல் ஐந்தாண்டு வகுப்பு தொடங்கியபோது இந்த இரண்டையும் வேண்டுமென்றேதான் ஒன்றாகக் கட்டினார்கள். ஆனால் பாடத்திட்டம் கட்டிக்கொடுத்தால் மட்டும் போதாது. வகுப்பில் அவை தனித்தனி ஆசிரியர்களிடம், தனித்தனி தாள்களாகத்தான் வருகின்றன. சேர்க்கும் வேலையைப் படிக்கிறவர்தான் செய்ய வேண்டும்.

நான் செய்வது இப்படி. ஒரு பெரிய நோட்டு. இடது பக்கம் சட்டத்துக்கு: வழக்கின் சங்கதிகள் (அதாவது நடந்தது என்ன), எந்தப் பிரிவு, நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி என்ன, தீர்ப்பு என்ன, அதற்குச் சொன்ன காரணம் என்ன. வலது பக்கம் சமூகத்துக்கு: வழக்குக்கு வந்தவர் யார், என்ன வேலை செய்தார், அவருக்கு முன்னால் அந்த ஊரில் என்ன நடந்துகொண்டிருந்தது, தீர்ப்புக்குப் பிறகு யாருடைய வாழ்க்கை மாறியது. ஒரு வழக்கு எழுதி முடிக்கும்போது வலது பக்கம் காலியாக இருந்தால் அந்த வழக்கை இன்னும் படிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்வேன்.

ஒரு வழக்கை முழுதாகச் செய்து காட்டினால் புரியும். செண்பகம் துரைராஜன் வழக்கு, 1951. எல்லாரும் அரசமைப்புச் சட்டத் தாளில் படிப்பதுதான். இடது பக்கம் எழுதுவது எளிது. சென்னை மாகாணத்தில் மருத்துவம், பொறியியல் இடங்கள் வகுப்புவாரி அரசாணைப்படி பிரிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அன்று ஹரிஜனங்கள் என்று ஆணையில் குறிக்கப்பட்டவர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறிஸ்தவர்களும் சேர்ந்து 1, முஸ்லிம்களுக்கு 1. உச்ச நீதிமன்றத்தில் ஏழு நீதிபதிகள் அமர்ந்து கேட்டார்கள். சாதி, மதத்தைக் காரணம் காட்டி அரசுக் கல்வி நிலையத்தில் இடம் மறுக்கக் கூடாது என்னும் உறுப்பு 29(2)-க்கு இந்த ஆணை முரணானது, நலிந்த பிரிவினரின் கல்வியை வளர்க்க அரசுக்கு வழிகாட்டும் நெறிமுறைக் கோட்பாடான உறுப்பு 46 அடிப்படை உரிமையை மீற முடியாது என்று 1951 ஏப்ரல் 9 அன்று தீர்ப்பு வந்தது. இடது பக்கம் முடிந்தது.

வலது பக்கத்தில்தான் உண்மையான வேலை. அந்த ஆணை 1950-இல் திடீரென்று முளைத்ததில்லை. நீதிக்கட்சி ஆட்சியில் 1921-லேயே வகுப்புவாரி அரசாணையின் முதல் வடிவம் வந்துவிட்டது. அரசு வேலையும் உயர்கல்வியும் ஒரு சிறு பிரிவிடம் குவிந்திருந்ததற்கு எதிரான அரசியலில் பிறந்தது அது. தீர்ப்பு வந்ததும் தமிழ்நாட்டில் கடும் எதிர்ப்பு எழுந்தது. பெரியார் அதில் முன்னின்றார். அதே ஆண்டு ஜூன் 18 அன்று அரசமைப்பின் முதலாவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது, பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு இடம் தரும் உறுப்பு 15(4) சேர்ந்தது. ஏப்ரலில் தீர்ப்பு, ஜூனில் திருத்தம். இந்த வேகத்தை இடது பக்கம் மட்டும் படித்த ஒருவரால் விளக்கவே முடியாது.

இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள். செண்பகம் துரைராஜன் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை. விண்ணப்பித்தால் கிடைக்காது என்று தெரிந்ததால் போடவில்லை என்பதே அவர் வாதம், நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டு வழக்கைக் கேட்டது. சட்டத்தில் இது வழக்குத் தொடரும் தகுதி பற்றிய செய்தி. சமூகவியலில் இது வேறு ஒரு கேள்வியைத் திறக்கிறது: யாருக்கு உயர் நீதிமன்றம் வரை வர முடிந்தது? அந்த ஆணையால் முதல்முறையாகக் கல்லூரிக்குள் நுழைந்த மாணவர்கள் ஏன் வழக்கின் தரப்பாக எங்குமே இல்லை? அரசியல் அறிவியல் தாளில் 'தனிநபர் உரிமையும் குழு உரிமையும்' என்று ஒரு பாடம் வருமே, அது இந்த வழக்கில்தான் உயிரோடு இருக்கிறது. நீதிமன்றம் ஒரு தனி மாணவியைப் பார்த்தது. அரசு ஒரு சமூகக் குழுவைப் பார்த்தது. இரண்டும் ஒரே கல்லூரி இடத்தைப் பற்றித்தான் பேசின.

அதே வலது பக்கத்தில் அம்புக்குறி போட்டு 1992 இந்திரா சாஹ்னி வழக்குக்குப் போங்கள். ஒன்பது நீதிபதிகள், இட ஒதுக்கீட்டுக்கு 50 சதவீத வரம்பு. அப்புறம் தமிழ்நாடு 1993-இல் 69 சதவீதத்துக்குத் தனிச் சட்டம் நிறைவேற்றியது, 1994-இல் 76-ஆவது திருத்தம் அதை, நீதிமன்றச் சவாலிலிருந்து சட்டங்களைக் காப்பதற்கென்று இருக்கும் ஒன்பதாவது அட்டவணையில் வைத்தது. நாலு தேதிகளை மனப்பாடம் செய்வதற்குப் பதிலாக ஒரு நீண்ட வாக்குவாதத்தைத் தொடர்ந்து கேட்பதுபோல் ஆகிவிடும். மறக்காது.

சரி, தீர்ப்பை எப்படி வாசிப்பது? தீர்ப்பின் மேலே சுருக்கமாகப் போட்டிருக்கும் ஹெட்நோட்டிலிருந்து தொடங்காதீர்கள். சங்கதிகளைச் சொல்லும் பத்திகளிலிருந்து தொடங்குங்கள், கடைசி உத்தரவை இரண்டு முறை படியுங்கள். ஏன் என்பதற்கு ஓல்கா டெல்லிஸ் வழக்கு (1985) போதும். உறுப்பு 21-இல் சொல்லும் உயிர்வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று சொன்ன தீர்ப்பு. வகுப்பில் இந்த ஒரு வரியோடு முடித்துவிடுவார்கள்.

தீர்ப்பின் தொடக்கத்திலேயே மனுதாரர்களில் ஒருவரின் கதை இருக்கிறது. சேலத்தில் நிலமில்லாத கூலித் தொழிலாளி. வறட்சியில் வேலை போய், 1961-இல் பம்பாய்க்குப் போகிறார். ஒரு ரசாயனக் கம்பெனியில் தினக்கூலி 23 ரூபாய். நெடுஞ்சாலை ஓர நடைபாதையில் பிளாஸ்டிக் ஷீட்டும் கித்தானும் போட்ட கூரைக்காக ஒரு ஆள் அவரிடம் 2,500 ரூபாய் பறித்திருக்கிறார். மனைவி, மூன்று மகள்களோடு அதில் வாழ்கிறார். 1981 ஜூலையில் மகாராஷ்டிர முதல்வர் நடைபாதைவாசிகளை வெளியேற்றி அவரவர் ஊருக்கே அனுப்பப்போவதாக அறிவிக்கிறார். வழக்கு அங்கே தொடங்குகிறது. பொருளாதாரத் தாளில் கிராமத்திலிருந்து நகரத்துக்கு இடம்பெயர்வதைத் 'தள்ளும் காரணி, இழுக்கும் காரணி' என்று படிப்போம். இந்த ஒரு பத்தியில் இரண்டும் இருக்கின்றன, கூடவே அரசு தராத வீட்டுக்கு யார் வாடகை வாங்குகிறார் என்பதும் இருக்கிறது.

இப்போது கடைசி உத்தரவுக்கு வாருங்கள். பிழைப்புக்கான உரிமை உண்டு. ஆனால் நடைபாதையை ஆக்கிரமிக்கும் உரிமை யாருக்கும் இல்லை, மாநகராட்சி அகற்றலாம். மழைக்காலம் முடிந்து ஒரு மாதம் வரை, அதாவது 1985 அக்டோபர் 31 வரை, பொறுத்திருக்க வேண்டும் என்று அவகாசம் தந்தார்கள். அதாவது உரிமை வென்றது, குடும்பம் நடைபாதையை இழந்தது. சட்டத் தேர்வில் முதல் பாதியைத்தான் கேட்பார்கள். ஆனால் நாளை வழக்கோடு ஒரு கட்சிக்காரர் உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்தால், அவர் கேட்பது இரண்டாம் பாதியைத்தான்.

முழுத் தீர்ப்புகள் இந்தியன் கானூன் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உச்ச நீதிமன்றத்தின் இணையதளத்தில் சில தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆங்கிலத் தீர்ப்பின் சங்கதிகளைப் படித்ததும் பக்கத்தில் இருக்கும் தோழிக்குத் தமிழில் கதையாகச் சொல்லுங்கள். சொல்ல முடியாமல் தடுமாறும் இடம் எதுவோ, அங்கேதான் சட்டச் சிக்கல் இருக்கும். எனக்கு இதைவிட உதவிய வழி வேறில்லை.

சமூகவியல் கோட்பாடுகளைப் பற்றி. சிந்தனையாளர் பெயர், வரையறை, மூன்று விமர்சனம் என்று படித்தால் அவை தேர்வோடு போய்விடும். ஒவ்வொரு கோட்பாட்டையும் ஒரு சட்டப் பிரிவோடு சேர்த்து வையுங்கள். தந்தைவழிச் சமூகம், சொத்து, உறவு என்று படிக்கிறீர்களா? இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் ஆறாவது பிரிவை எடுங்கள். தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதலே மகள்களுக்குப் பூர்விகச் சொத்தில் பிறப்பால் பங்கு தந்துவிட்டது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் திருமணமான மகள்களுக்கு இல்லை. 2005 செப்டம்பர் 9-ஆம் தேதி மத்திய திருத்தம் அந்தத் தடையை எடுத்தது. அன்றைய தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவாக்கியது. சட்டத்தின் பயணம் இது.

இன்டர்ன்ஷிப்பில் சீனியரோடு ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போயிருந்தபோது வலது பக்கம் கிடைத்தது. அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுக்க ஒரு அம்மா வந்திருந்தார். தன் பங்கை விட்டுக்கொடுக்கிற பத்திரம். "உங்களுக்குச் சமபங்கு இருக்கேம்மா, தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியும் கண்ணு. பங்கை வாங்கிட்டு அண்ணன் வீட்டு வாசல்ல எப்படிப் போய் நிப்பேன்? நாளைக்கு என் பொண்ணு காதுகுத்துக்கு மாமன் யாரு?" என்றார். சட்டம் தெரியாமல் இல்லை, அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. தாய்வீட்டு உறவு என்ற பாதுகாப்பை நிலத்தின் மதிப்போடு எடைபோட்டுப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார். சட்ட விழிப்புணர்வு முகாம் நடத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதும் புராஜெக்ட்டுகளை அதன் பிறகு நான் நம்புவதில்லை. உரிமையைக் கேட்டு வாங்கினால் என்ன இழக்க நேரிடும் என்பதையும் சேர்த்து ஆராய வேண்டும்.

எண்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் நம் புராஜெக்ட்டுகளில் அதிகம் தவறாகப் பயன்படுவது இவைதான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் எண்ணிக்கை, நடந்த குற்றங்களின் எண்ணிக்கை கிடையாது. பதிவான வழக்குகளின் எண்ணிக்கை. ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தால் அவற்றில் கடுமையான ஒன்றைத்தான் கணக்கில் எடுப்பார்கள். கொலையும் வேறொரு குற்றமும் சேர்ந்திருந்தால் மற்றது கணக்கிலிருந்து மறைந்துவிடும். ஒரு மாநிலத்தில் எண் கூடினால் குற்றம் கூடியிருக்கலாம், அல்லது காவல் நிலையத்தில் புகார் வாங்க ஆரம்பித்திருக்கலாம். இதை எழுதாமல் அட்டவணையை மட்டும் ஒட்டாதீர்கள்.

எண்கள் சட்டத்துக்குள் அழகாக நுழைந்த இடமும் உண்டு. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளைத் தொடர்ந்து படியுங்கள். வீட்டைப் பார்த்துக்கொண்ட பெண் விபத்தில் இறந்தால் அவருடைய மாத வருமானம் என்ன என்று நீதிமன்றம் கணக்கிட்டாக வேண்டும். லதா வாத்வா வழக்கில் (2001) இல்லத்தரசியின் உழைப்புக்கு மாதம் 3,000 ரூபாய் என்று வைத்தார்கள். கீர்த்தி வழக்கில் (2021) நீதிபதி ரமணா 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை எடுத்துக் காட்டினார்: கூலியில்லா வீட்டுவேலைக்குப் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம், கணவர் சம்பாதித்து வாங்கிய சொத்தில் மனைவியின் வீட்டு உழைப்பும் பங்களிப்புதான் என்று ஏற்றது. பொருளாதாரத் தாளில் 'மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சேராத உழைப்பு' என்று ஒரு வரியில் கடந்துபோகும் விஷயம், இங்கே ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் காசோலையின் தொகையைத் தீர்மானிக்கிறது. இந்த மூன்றையும் சேர்த்து வாசித்த நாளில்தான் இந்தப் படிப்பின் மேல் எனக்குப் பெரிய பற்று வந்தது.

ஆனால் சமூக உண்மை நீதிமன்றத்துக்குள் தானாக வராது. அதற்கு ஒரு வழி வேண்டும்: பிரமாணப் பத்திரம், நிபுணர் சாட்சி, ஆணையர் அறிக்கை, அரசின் கணக்கெடுப்பு. கொத்தடிமை முறைக்கு எதிரான அமைப்பான பந்துவா முக்தி மோர்ச்சாவின் வழக்கில், ஃபரிதாபாத் கல்குவாரிகளில் கொத்தடிமையாக இருந்தவர்களைப் பற்றி வந்த கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக எடுத்துக்கொண்டது. வழக்கறிஞர்களை ஆணையர்களாக அனுப்பி நிலைமையைப் பார்த்துவரச் சொன்னது, ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த ஓர் ஆய்வாளரிடம் சமூக-சட்ட ஆய்வு ஒன்றையும் ஒப்படைத்தது. வகுப்பில் களஆய்வு முறைகள் பாடம் சலிப்பாக இருக்கும்போது இந்த வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள். கேள்விப்பட்டியல் தயாரிக்கத் தெரிவதும் வக்கீல் தொழிலுக்குள் வருகிற திறமைதான்.

இன்டர்ன்ஷிப்பைத் திட்டமிடுங்கள். பார் கவுன்சில் விதிகள் ஐந்தாண்டுப் படிப்புக்குக் குறைந்தது 20 வாரம் கேட்கின்றன, ஒரு ஆண்டில் தொடர்ந்து நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. வக்கீல் அலுவலகம் மட்டுமல்ல, தொண்டு நிறுவனம், உள்ளாட்சி அமைப்பு, சட்டமன்றம் எல்லாம் அந்த விதியிலேயே இருக்கின்றன. எல்லோரும் உயர் நீதிமன்ற சீனியர்களையே தேடுகிறார்கள். என் யோசனை: முதல் இரண்டு ஆண்டுகளில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, விசாரணை நீதிமன்ற வக்கீல், தொழிலாளர் சங்கத்தோடு வேலை செய்யும் அமைப்பு என்று போய்விடுங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இலவச உதவி தருகிறது. அங்கே உட்கார்ந்தால், சட்ட இதழ்கள் வரை போகாத வழக்குகள் எப்படி இருக்கும் என்று தெரியும். நாம் புத்தகத்தில் படிப்பவை மேல்முறையீடு செய்யப் பணமும் பொறுமையும் இருந்தவர்களின் வழக்குகள். பெரும்பாலான தகராறுகள் படியேறுவதே இல்லை.

தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சங்கதி கொடுத்துத் தீர்வு கேட்கும் கேள்வியில் பிரச்சினை, சட்டம், பொருத்துதல், முடிவு என்ற வரிசையை மாற்றாதீர்கள். அங்கே சமூகவியலைக் கொட்டக் கூடாது, சட்டத்தின் நோக்கத்தை விளக்க இரண்டு வரி போதும். கட்டுரை வினாவில் தலைகீழ்: வரலாறு முதலில், பிரிவுகள் அப்புறம்.

குற்றவியல் சட்டத்துக்கு மட்டும் ஒரு தனிப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. கொலைக்கான தண்டனை இந்திய தண்டனைச் சட்டத்தில் 302, இப்போது 103. மோசடிக்கு 420 போய் 318 வந்துவிட்டது. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய எண்கள்தான், பழைய தீர்ப்புகளிலும் அவைதான். இரண்டும் தெரிந்தாக வேண்டும்.

அரசமைப்புச் சட்டம் படிக்கும் செமஸ்டரில், அந்தச் சட்டத்தை உருவாக்கிய அரசமைப்பு அவையின் விவாதங்களைத் திறந்து பாருங்கள். குறைந்தது 1949 நவம்பர் 25 அன்று அம்பேத்கர் பேசியதை முழுதாக வாசியுங்கள். அரசியலில் சமத்துவமும் சமூக, பொருளாதார வாழ்வில் ஏற்றத்தாழ்வுமாக ஒரு முரண்பாட்டுக்குள் நுழைகிறோம் என்று அவர் எச்சரித்த பேச்சு. கொலம்பியாவில் பொருளாதாரம் படித்தவர், 1916-இல் அங்கே ஒரு மானிடவியல் கருத்தரங்கில் சாதியின் தோற்றம் பற்றிக் கட்டுரை வாசித்தவர், லண்டனில் பாரிஸ்டர் ஆனவர். நாம் இரண்டு தாள்களாகப் படிப்பது அவர் பேச்சில் பிரிக்க முடியாமல் இருக்கிறது.

கடைசி ஆண்டு ஆய்வறிக்கைக்குத் தலைப்பைச் சிறிதாக எடுங்கள். 'இந்தியாவில் பெண்களின் சொத்துரிமை' என்று எடுத்தால் மற்றவர்கள் எழுதியதைத் தொகுப்பதோடு நின்றுவிடும். ஒரு சார்பதிவாளர் எல்லைக்குள் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்த பெண்கள் சொல்லும் காரணங்கள் என்று எடுத்தால், நீங்கள் சொல்ல ஏதாவது இருக்கும். நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஆவண எழுத்தர்களிடம் முதலில் பேசுங்கள், யார் எப்போது வருகிறார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும். பெண்களோடு பேசும்போது அண்ணனோ கணவரோ பக்கத்தில் நிற்காத இடமாகப் பாருங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள், எங்கே எழுதுவீர்கள் என்பதைச் சொல்லிவிட்டுச் சம்மதம் வாங்குங்கள். வேண்டாம் என்று பாதியில் எழுந்தால் அதுவரை எழுதியதையும் அவர் கண் முன்னால் கிழித்துவிடுங்கள். பாகப்பிரிவினை வழக்கு நடந்துகொண்டிருக்கும் குடும்பம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அவர் உங்களிடம் மனம்விட்டுச் சொன்னது நாளை எதிர்த்தரப்பு வக்கீல் கையில் கிடைக்கக் கூடாது. அதனால் அறிக்கை எழுதும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காமல், பெயர், ஊர், சர்வே எண், பத்திர எண் எதையும் களக் குறிப்பிலேயே எழுதாதீர்கள்.